கண்டோன்மென்ட்: பல்லாவரத்தில் தங்கிவிட்ட ஒரு சொல்லின் வரலாறு

கண்டோன்மென்ட் என்பது படையினர் தங்கும் இடத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகும். சென்னைக்குத் தெற்கே உள்ள பரங்கிமலை, பல்லாவரம் பகுதிகளில் இது அன்றாடப் பேச்சுச் சொல்லாகவே வழங்குகிறது. பேருந்து நிறுத்தம், வரி ரசீது, பள்ளியின் பெயர்ப்பலகை, முகவரி என எங்கும் இச்சொல்லைக் காணலாம். ஆங்கிலத்தில் இச்சொல்லின் முதற்பொருள் 'படை தற்காலிகமாகத் தங்குமிடம்' என்பதே. ஆனால் பல்லாவரத்தில் அது ஏறத்தாழ 250 ஆண்டுகளாக நிலைத்து நிற்கிறது. தற்காலிகத்தைக் குறித்த ஒரு சொல் நிரந்தரமான நிலப்பகுதிக்கும், அதை ஆளும் தனிச் சட்டத்துக்கும், அங்கு வாழும் பொதுமக்களின் நிலைமைக்கும் பெயரானது எப்படி என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சொற்பிறப்பு

இத்தாலிய மொழியில் 'காந்தோ' என்றால் மூலை. அதிலிருந்து பிறந்த 'காந்தோனே' என்னும் சொல் பிரெஞ்சு மொழியில் 'காந்தோன்' ஆகி, நிலத்தின் ஒரு பகுதியை அல்லது வட்டாரத்தைக் குறித்தது. சுவிட்சர்லாந்து நாட்டின் மாநிலங்கள் இன்றும் 'கான்டன்' என்றே அழைக்கப்படுகின்றன. படையைப் பல பகுதிகளாகப் பிரித்து ஊர்களில் தங்கவைப்பதைக் குறிக்க இதிலிருந்து ஒரு வினைச்சொல்லும், அதிலிருந்து 'கண்டோன்மென்ட்' என்னும் பெயர்ச்சொல்லும் தோன்றின. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் அதை ஏற்றுக்கொண்டது. சீனாவின் குவாங்சோ நகரின் பழைய ஆங்கிலப் பெயரான 'கான்டன்' ஒலியளவில் ஒத்திருந்தாலும் இச்சொல்லோடு தொடர்பற்றது.

ஐரோப்பியப் போர்முறையில் குளிர்காலம் வந்தால் போர் நிற்கும். படைகள் அருகிலுள்ள சிற்றூர்களில் பிரிந்து தங்கும். இளவேனில் வந்ததும் மீண்டும் களத்துக்குப் புறப்படும். அந்த இடைக்காலத் தங்கல்தான் கண்டோன்மென்ட். இந்தியாவுக்கு வெளியே இந்தப் பழைய பொருள் மறையவில்லை. 1917இல் முதல் உலகப் போரில் இறங்கிய அமெரிக்கா, புதிய வீரர்களைப் பயிற்றுவிக்க மரக் கட்டடங்களால் விரைவாக அமைத்த 16 பயிற்சி முகாம்களுக்கு இப்பெயரையே இட்டது. நேபாளத்தில் உள்நாட்டுப் போர் முடிந்தபின், மாவோவியப் போராளிகள் 2007 முதல் ஏழு முதன்மை முகாம்களிலும் 21 துணை முகாம்களிலும் தங்கவைக்கப்பட்டனர். அவற்றுக்கும் இதுவே பெயர். சில ஆண்டுகளில் அந்த முகாம்கள் கலைக்கப்பட்டன.

இந்தியத் துணைக்கண்டத்தில் மட்டும் இச்சொல் வேறு வழியில் சென்றது. இந்திய ஆங்கிலச் சொற்களைத் தொகுத்து ஹென்றி யூல், ஏ. சி. பர்னல் ஆகியோர் உருவாக்கிய 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி 1886இல் வெளிவந்தது. இந்தியாவில் இடைவிடாமல் வழங்குவதாலும் பிற இடங்களில் அரிதாகவே வழங்குவதாலும் இது ஏறக்குறைய இந்திய ஆங்கிலச் சொல்லாகவே ஆகிவிட்டது என்று அவ்வகராதி அப்போதே குறித்தது. உச்சரிப்பிலும் வேறுபாடு உண்டு. பிரித்தானியர் இதைக் 'கன்டூன்மென்ட்' என்பர். தமிழ்நாட்டு வழக்கு எழுத்தை ஒட்டிக் 'கண்டோன்மென்ட்' என நிலைபெற்றது. வட இந்தியாவில் 'கான்ட்' என்று சுருக்கி, ரயில் நிலையப் பெயர்களின் பின்னொட்டாகச் சேர்ப்பது வழக்கம்.

தமிழில் இணையான சொற்கள்

படை தங்குமிடத்துக்குத் தமிழில் பல பழஞ்சொற்கள் உள்ளன. சங்க இலக்கியத்தில் பாசறை, கட்டூர், பாடி ஆகியவை இப்பொருளில் வருகின்றன. பத்துப்பாட்டுள் ஒன்றான முல்லைப்பாட்டு, கார்காலத்தில் காட்டில் அமைந்த அரசனின் பாசறையையும், வீட்டில் அவனுக்காகக் காத்திருக்கும் தலைவியையும் பாடுவது. தொல்காப்பியப் புறத்திணையியல் கூதிர்ப் பாசறை, வேனிற் பாசறை என இரண்டைக் கூறுகிறது. பருவத்தை ஒட்டிப் பாசறையைப் பிரிக்கும் இம்மரபு, ஐரோப்பியரின் குளிர்காலத் தங்கலோடு ஒப்பிட்டு நோக்கத்தக்கது. இங்கும் பாசறை என்பது முடியப்போகும் ஒன்று. போர் முடிந்ததும் தலைவன் திரும்பிவிடுவான் என்பதே அப்பாடல்களின் எதிர்பார்ப்பு.

பிற்காலத்தில் படைவீடு, தண்டு, பாளையம் ஆகிய சொற்கள் பெருவழக்காயின. இவை மூன்றும் கண்டோன்மென்ட் சென்ற வழியிலேயே சென்றன. திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள படவேடு என்னும் ஊர்ப்பெயர் படைவீடு என்பதன் திரிபு. சம்புவராயர்களின் தலைநகராக இருந்த ஊர் அது. முருகனின் ஆறு திருத்தலங்களும் ஆறுபடைவீடு என்றே வழங்குகின்றன. படையைக் குறிக்கும் தண்டு என்னும் சொல் தண்டநாயகன் போன்ற பதவிப் பெயர்களில் உள்ளது. கன்னடத்தில் பெங்களூர் கண்டோன்மென்ட்டுக்குத் 'தண்டு' என்பதே பேச்சு வழக்குப் பெயர்.

பாளையம் என்பதும் முதலில் படை இறங்கித் தங்கிய இடத்தையே குறித்தது. தமிழ் விவிலியத்தில் இஸ்ரவேல் மக்கள் பாலைவனத்தில் கூடாரமிட்டுத் தங்குவதைச் சொல்ல இச்சொல் திரும்பத் திரும்ப வருகிறது. மதுரை நாயக்கர் ஆட்சியில் நாடு 72 பாளையங்களாகப் பிரிக்கப்பட்டபோது, அது படை வைத்திருக்கும் தலைவரின் ஆட்சிப்பகுதியாயிற்று. அப்பகுதியை ஆண்டவர் பாளையக்காரர் எனப்பட்டார். ஆங்கிலேயர் அதைப் 'பாலிகர்' என்று எழுதினர். மேட்டுப்பாளையம், உத்தமபாளையம், கோபிசெட்டிபாளையம், இராசபாளையம் என இன்று தமிழ்நாடு முழுவதும் பாளையங்கள் உள்ளன. அவற்றில் வாழ்வோர் யாரும் தம் ஊரைப் படைமுகாம் என்று நினைப்பதில்லை.

உலகின் பிற பகுதிகளிலும் இதே போக்கைக் காணலாம். உரோமானியப் படைமுகாமைக் குறித்த இலத்தீன் சொல்தான் மான்செஸ்டர் போன்ற இங்கிலாந்து ஊர்ப்பெயர்களின் இறுதியில் 'செஸ்டர்' என நிற்கிறது. உருது என்னும் மொழிப்பெயர், முகாமைக் குறிக்கும் துருக்கியச் சொல்லிலிருந்து வந்தது. படை போனபின்னும் முகாமின் பெயர் ஊருக்கு ஒட்டிக்கொள்வது பொதுவான போக்கு. பல்லாவரத்தில் படை போகவில்லை என்பதே வேறுபாடு.

பல்லாவரத்துக்குப் படை வந்த வரலாறு

பல்லாவரம் படையால் உருவான ஊர் அன்று. பல்லவபுரம் என்பதே பல்லாவரம் ஆனது. இங்குள்ள குன்றில் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த முதலாம் மகேந்திரவர்மனின் குடைவரை ஒன்று உள்ளது. அவனுடைய விருதுப்பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. பின்னாளில் அக்குடைவரை இசுலாமியர் வழிபடும் தர்காவாயிற்று. ஊரின் தொன்மை பல்லவருக்கும் முந்தையது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட், 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் பழங்கற்காலக் கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் தொல்பழங்கால ஆய்வு அந்தக் கண்டுபிடிப்பிலிருந்தே தொடங்குகிறது. அந்தக் குழி இருந்ததும் கண்டோன்மென்ட்டை ஒட்டிய நிலத்தில்தான்.

கிழக்கிந்தியக் கம்பெனி இப்பகுதியில் படையை நிறுத்தியதற்குக் காரணம், 18ஆம் நூற்றாண்டின் இடையில் சென்னை சந்தித்த ஆபத்துகள். 1758 டிசம்பரில் லாலி தலைமையிலான பிரெஞ்சுப் படை புனித ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டது. 1759 பிப்ரவரியில் பரங்கிமலை அருகே கம்பெனிப் படைக்கும் பிரெஞ்சுப் படைக்கும் கடும் போர் நடந்தது. பத்தாண்டுகள் கழித்து, 1769இல், மைசூரின் ஐதர் அலி தம் குதிரைப்படையோடு பரங்கிமலை அருகே வந்து நின்றார். எதிர்பாராத அந்த வருகையால் கம்பெனி அவர் கேட்டபடி உடன்படிக்கை செய்துகொள்ள நேர்ந்தது. கோட்டைக்குள் படையை வைத்திருப்பது மட்டும் சென்னையைக் காக்காது, தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வரும் வழியில் படை நிற்க வேண்டும் என்பதை இந்த இரு நிகழ்ச்சிகளும் உணர்த்தின.

பரங்கிமலை கண்டோன்மென்ட் 1774இல் நிறுவப்பட்டது. வங்காளத்தில் 1765இல் அமைந்த பாரக்பூருக்குப் பிறகு தோன்றிய மிகப் பழைய கண்டோன்மென்ட்டுகளுள் இதுவும் ஒன்று. பரங்கிமலை மதராஸ் பீரங்கிப் படையின் தலைமையிடமாயிற்று. அதற்குத் தெற்கே உள்ள பல்லாவரத்தில் இந்தியச் சிப்பாய்களின் காலாட்படைப் பிரிவுகள் தங்கின. பழைய ஆங்கில ஆவணங்களில் ஊரின் பெயர் 'பலவேரம்' என்ற ஒலிப்பில் எழுதப்பட்டுள்ளது. 1780இல் இரண்டாம் மைசூர்ப் போர் தொடங்கியபோது, ஹெக்டர் மன்றோ தம் படையைப் பரங்கிமலையில் திரட்டியே காஞ்சிபுரம் நோக்கிப் புறப்பட்டார். 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் சென்னைக்கு அருகில் எதிரி இல்லை. ஆனாலும் கண்டோன்மென்ட் கலைக்கப்படவில்லை.

முகாம் ஊரான விதம்

நிலையாகத் தங்கும் படைக்குக் கூடாரம் போதாது. கண்டோன்மென்ட்டின் நிலம் ஒரு திட்டப்படி பிரிக்கப்பட்டது. ஐரோப்பிய வீரர்களுக்குப் பாரக்குகள், அதிகாரிகளுக்குத் தோட்டம் சூழ்ந்த பங்களாக்கள், சிப்பாய்களுக்கு வரிசை வீடுகளான 'லைன்'கள், நடுவே பயிற்சித் திடல், ஓரத்தில் தேவாலயமும் கல்லறைத் தோட்டமும், சற்றுத் தள்ளிக் கடைவீதி என்பது பொதுவான அமைப்பு. தமிழில் இன்றும் வழங்கும் 'போலீஸ் லைன்', தேயிலைத் தோட்டத்து 'லைன் வீடு' முதலிய சொற்கள் இந்த வரிசைக் குடியிருப்பு முறையை நினைவூட்டுகின்றன.

படை இருந்தால் அதைச் சுற்றிப் பிழைப்பும் இருக்கும். சமையற்காரர், குதிரைக்காரர், சலவைத் தொழிலாளர், தையற்காரர், கறி, காய், பால் விற்போர், தச்சர், துப்புரவுப் பணியாளர் எனப் பலர் கண்டோன்மென்ட்டுக்குள் குடியேறினர். ஓய்வுபெற்ற வீரர்களில் பலரும் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களும் பரங்கிமலையையும் பல்லாவரத்தையும் தம் சொந்த ஊராக்கிக்கொண்டனர். படைப்பிரிவுகள் மாறிமாறி வந்துபோயின. இவர்களோ தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருந்தனர். தற்காலிகம் என்னும் பொருளைக் கண்டோன்மென்ட் இழந்ததற்கு இவர்களே முதற்காரணம்.

ஆனால் நிலம் அவர்களுக்குச் சொந்தமாகவில்லை. கண்டோன்மென்ட்டுகளில் வீடு கட்ட அனுமதி பெற்றவருக்குப் பல இடங்களில் கட்டடம் மட்டுமே உரிமையாயிற்று. நிலம் அரசிடமே இருந்தது. படைக்குத் தேவைப்பட்டால் அரசு அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். 'பழைய மானியம்' எனப்படும் இந்த ஏற்பாடும் குத்தகை முறைகளும் கண்டோன்மென்ட் வாழ்வின் நிலையான சிக்கலாயின. முகாம் எந்நேரமும் நகரக்கூடியது என்னும் பழைய பொருள், நிலவுரிமையில் மட்டும் மறையாமல் தங்கிவிட்டது.

சட்டம் கொடுத்த வடிவம்

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பிறகு இந்தியாவில் ஐரோப்பிய வீரர்களின் எண்ணிக்கை உயர்த்தப்பட்டது. அவர்களின் உடல்நலத்தை ஆராய அமைந்த அரச ஆணையம் 1863இல் அறிக்கை அளித்தது. இந்தியாவில் ஆண்டுதோறும் ஆயிரம் ஐரோப்பிய வீரர்களில் 69 பேர் இறந்து வந்ததாக அது காட்டியது. போரைவிடக் காய்ச்சலும் காலராவும் வயிற்றுப்போக்குமே பெரிய எதிரிகள் என்பது தெளிவாயிற்று. அடுத்த ஆண்டே, 1864இல், கண்டோன்மென்ட்டுகளுக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. குடிநீர், கழிவு, இறைச்சி, சாராயக் கடை, கட்டடம் என அனைத்தும் படை நிர்வாகத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. படை அதிகாரியே கண்டோன்மென்ட் மாஜிஸ்திரேட்டாக வழக்குகளை விசாரித்தார்.

இச்சட்டங்களின் நோக்கம் வீரரின் நலம். அங்கு வாழும் குடிமக்களின் நலம் அதற்குப் பின்னால்தான். 1868ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டத்தின்கீழ்ப் பாலியல் தொழிலில் இருந்த பெண்கள் பதிவு செய்யப்பட்டு, கட்டாய மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டனர். வீரர்களுக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. பிரித்தானியாவிலும் இந்தியாவிலும் எழுந்த எதிர்ப்பால் அச்சட்டம் 1888இல் நீக்கப்பட்டது.

1889, 1910 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களைத் தொடர்ந்து 1924இல் வந்த கண்டோன்மென்ட் சட்டம் உறுப்பினர் தேர்தலுக்கு வழிசெய்தது. விடுதலைக்குப் பின்னும் அதுவே நீடித்து, மொத்தம் 80 ஆண்டுகளுக்கு மேல் நடப்பிலிருந்து, 2006இல் புதிய சட்டத்துக்கு இடம்விட்டது. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி கண்டோன்மென்ட் வாரியம் ஒரு நகராட்சியாகவே கருதப்படும். எனினும் அதன் தலைவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர் அல்லர். அங்குள்ள படைத் தலைமை அதிகாரியே பதவிவழித் தலைவர். தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களுள் ஒருவர் துணைத்தலைவராவார். அன்றாட நிர்வாகம் பாதுகாப்பு அமைச்சகத்தின்கீழ் வரும் முதன்மைச் செயல் அலுவலரிடம் இருக்கும். சாலையின் ஒருபுறம் இருப்பவர் நகராட்சித் தலைவரையும், மறுபுறம் இருப்பவர் பாதுகாப்பு அமைச்சகத்தையும் நாட வேண்டிய நிலை பல்லாவரத்தில் இவ்வாறு உருவானது.

தனித்தமிழ் ஊரும் அயற்சொல்லும்

தமிழ்ச் சொல் வரலாற்றில் பல்லாவரத்துக்குத் தனி இடம் உண்டு. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த வேதாசலம், 1911இல் அப்பணியை விட்டுப் பல்லாவரத்தில் குடியேறினார். 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கித் தம் பெயரை மறைமலை அடிகள் என மாற்றிக்கொண்டார். அவருடைய ஞானசாகரம் இதழ் அறிவுக்கடல் ஆயிற்று. அவர் நிறுவிய சமரச சன்மார்க்க நிலையம் பொதுநிலைக் கழகம் ஆயிற்று. 1950இல் மறையும்வரை அவர் பல்லாவரத்திலேயே வாழ்ந்தார்.

பிறமொழிச் சொற்களை விலக்கும் இயக்கம் பிறந்த அதே ஊரின் ஒரு பகுதிக்குக் கண்டோன்மென்ட் என்னும் பெயர் மாறாமல் நின்றது. பாசறை, பாளையம், படைவீடு என்று தமிழில் சொற்கள் இல்லாமல் இல்லை. எனினும் அவை வேறு காலத்தின் முகாம்களைக் குறித்தவை. பாளையம் என்றால் ஊர் என்று பொருள் ஏற்கெனவே மாறிவிட்டது. படைவீடு முருகன் கோயிலை நினைவூட்டியது. தனிச் சட்டமும் வாரியமும் வரியும் கொண்ட ஒரு நிர்வாக அலகைக் குறிக்கச் சட்டத்தில் இருந்த சொல்லையே மக்களும் எடுத்துக்கொண்டனர்.

இன்றைய வழக்கு

தமிழ்நாட்டுப் பேச்சில் கண்டோன்மென்ட் மூன்று பொருள்களில் வழங்குகிறது. முதலாவது, படைக்குரிய நிலப்பகுதி. பரங்கிமலையில் 1963இல் தொடங்கிய படை அதிகாரிகள் பயிற்சிக் கழகம் இருக்கும் பகுதியை இவ்வாறு சுட்டுவர். இரண்டாவது, உள்ளாட்சி அமைப்பு. 'கண்டோன்மென்ட்டுக்கு வரி கட்டுகிறோம்' என்னும்போது அச்சொல் வாரியத்தைக் குறிக்கிறது. பல்லாவரம் பழைய டிரங்க் சாலையில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் புகழ்பெற்ற சந்தையும் இந்த வாரியத்தின் எல்லைக்குள் நடப்பதே. மூன்றாவது, வெறும் இடப்பெயர். திருச்சியில் கண்டோன்மென்ட் என்பது மாநகராட்சிக்குட்பட்ட ஒரு பகுதி. அங்கே இப்போது கண்டோன்மென்ட் வாரியம் இல்லை. பெயர் மட்டும் உள்ளது. 1809இல் தோன்றிய பெங்களூர் கண்டோன்மென்ட்டும் 1949இல் அந்நகரின் மாநகராட்சிக்குள் கலந்து, இன்று ஒரு ரயில் நிலையத்தின் பெயராக நிற்கிறது.

தமிழ்நாட்டில் சட்டப்படியான கண்டோன்மென்ட்டுகள் இரண்டு. ஒன்று பரங்கிமலை-பல்லாவரம், மற்றொன்று நீலகிரியின் வெலிங்டன். விடுதலையின்போது இந்தியாவில் 56 கண்டோன்மென்ட்டுகள் இருந்தன. பின்னர் ஆறு சேர்ந்து 62 ஆயின. 1962இல் அமைந்த அஜ்மீருக்குப் பிறகு புதிதாக எதுவும் உருவாக்கப்படவில்லை.

2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது பல்லாவரம் நகராட்சி அதில் இணைந்தது. பல்லாவரத்தின் கண்டோன்மென்ட் பகுதி இணையவில்லை. ஒரே ஊரின் ஒரு பாதி மாநகராட்சியாகவும் மறுபாதி கண்டோன்மென்ட்டாகவும் தொடர்ந்தது. 2015க்குப் பிறகு கண்டோன்மென்ட் வாரியங்களுக்கு நடக்கவேண்டிய பொதுத்தேர்தல் தள்ளிப்போனது. நாடு முழுவதும் 57 வாரியங்களுக்கு 2023 ஏப்ரல் 30 அன்று தேர்தல் என அறிவிக்கப்பட்டு, பின்னர் அதுவும் கைவிடப்பட்டது. கண்டோன்மென்ட்டுகளில் பொதுமக்கள் வாழும் பகுதிகளைப் பிரித்து அருகிலுள்ள உள்ளாட்சிகளோடு சேர்ப்பது, படைக்குரிய பகுதிகளை மட்டும் இராணுவ நிலையங்களாக வைத்துக்கொள்வது என்னும் கொள்கையை ஒன்றிய அரசு மேற்கொண்டதே இதற்குப் பின்னணி. அதே ஏப்ரலில் இமாச்சலப் பிரதேசத்தின் யோல், கண்டோன்மென்ட் நிலையிலிருந்து முதலில் நீக்கப்பட்டது.

இந்தப் பிரிப்பு பெயர் மாற்றம் மட்டும் அன்று. மாநகராட்சியில் இணைவோருக்கு மாநில அரசின் நகர்ப்புறத் திட்டங்களும் தேர்ந்தெடுத்த மேயரும் கிடைக்கும். மறுபுறம், தலைமுறைகளாகக் குடியிருக்கும் நிலம் யாருடையது, எந்த உரிமையோடு அது கைமாறும், வரி எவ்வளவாகும், வாரியத்தின் பள்ளிகளையும் மருத்துவமனையையும் யார் நடத்துவர் என்னும் கேள்விகளுக்கு விடை தேவைப்படுகிறது. படைக்காகக் குடியேறிய மக்கள் அந்த நிலத்தின் குடிகளா, முகாமின் விருந்தினரா என்பதே இக்கேள்விகள் அனைத்தின் அடிப்படை. கண்டோன்மென்ட் என்னும் சொல்லுக்கு எந்தப் பொருள் செல்லும் என்பதை ஒட்டியே இதற்கு விடை அமையும்.

பிரிப்பு முழுமையடைந்தால், திருச்சியிலும் பெங்களூரிலும் நடந்ததுபோல் பல்லாவரத்திலும் கண்டோன்மென்ட் ஒரு நிறுத்தத்தின் பெயராக மட்டும் எஞ்சக்கூடும். மேட்டுப்பாளையத்தில் பாளையம் நிற்பதுபோல், படவேட்டில் படைவீடு நிற்பதுபோல், அச்சொல் அப்போதும் ஊரில் இருக்கும்.